வாரம் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். இளைஞர்களுக்குத் தன்னார்வ மென்டராக, அதாவது கூட இருந்து வழிகாட்டுபவராக, சேர்ந்தால் பயன் உண்டா?

நீங்கள் வேலைக்குப் போகிறவர், விடுமுறை நாளில் மட்டும்தான் நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஒரு வருஷமாவது விடாமல் வர முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு மணியா இரண்டு மணியா என்பதெல்லாம் அப்புறம்.

நானும் ஒரு மென்டர்தான். என்னிடம் விட்ட பையனுக்கு ஏற்கெனவே வந்த மென்டர் பாதியிலேயே நின்றுவிட்டார். அதனால் என்னிடம் வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘தெரியல’. நானும் நோண்டவில்லை. அவன் போனில் கேம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நேரமானதும் ‘அடுத்த வாரம் வரேன்டா’ என்று கிளம்பிவிடுவேன். மாதக்கணக்கில் இதே கதை. ஒரு நாள் ஒரு விண்ணப்பத்தை நீட்டினான். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ‘தந்தையின் தொழில்’ மட்டும் காலி. அங்கே பென்சிலால் எதையோ எழுதி, தாள் நைந்துபோகும் அளவுக்கு அழித்திருந்தான். “இதுல என்னண்ணா போடறது?” என்றான். “கோடு போட்டுடு, கீழே காப்பாளர்னு இருக்கிற இடத்துல அம்மா பேரை எழுது” என்றேன். அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தான். இப்போது வேலையில் இருக்கிறான். தற்பெருமை என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், படித்தது அவன்தான்.

ஆதாரம் கேட்பவர்களுக்காக: பிள்ளைகளுக்கு மென்டர்களைச் சேர்த்துவைக்கும், அமெரிக்காவில் 1904-இல் தொடங்கிய பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் இயக்கத்தை வைத்து 1995-இல் ஓர் ஆய்வு வந்தது. மென்டர் கிடைத்தவர்கள் போதைப்பொருள் பக்கம் போகத் தொடங்கும் வாய்ப்பு, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட 46 சதவீதம் குறைவு. அதே தரவுகளை 2002-இல் மறுபடி அலசினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த இடத்தில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்த இடத்தில் பிள்ளைகளின் தன்மதிப்பு இன்னும் சரிந்திருந்தது.

இதனால்தான் எங்கள் ஆபீஸ் ‘சமூக சேவை தினம்’ என்றாலே எனக்கு எரிச்சல். ஒரே நிறத்தில் டீ-சர்ட், பிள்ளைகளை நிற்கவைத்து போட்டோ, மதியத்தோடு காலி. அதில் வராதவர்களுக்கு அப்ரைசலில் ஒரு குத்து வேறு. வாராவாரம் போகிற எனக்கும் சேர்த்துத்தான்!

நீங்கள் ஆண் என்றால் யோசிக்காமல் பெயர் கொடுங்கள். ஆண்கள் வருவது குறைவு, பையன்கள்தான் நெடுநாள் காத்துக் கிடக்கிறார்கள். சேரும்போது பின்னணி விசாரிப்பார்கள், தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். எதுவும் விசாரிக்காமல் உடனே பிள்ளையை ஒப்படைக்கும் இடமாக இருந்தால் அங்கே சேரவே சேராதீர்கள்.