வெக்கையும் காற்றிடைவெளியும்: வீடு கட்டுவோர் கேள்வி பதில்

ஆரையம்பதி வாசகி ஒருவர்: பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுக் கடும் பச்சை நிறச் சிங் அலுமினியம் சீற் போட்டோம். வெக்கை இறங்காது என்று சொல்லி, ஒரு பக்கம் வெள்ளித் தாளும் மறுபக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் ஒட்டிய மெல்லிய நுரைவிரிப்பைச் சிலாகைக்கும் சீற்றுக்கும் நடுவே விரித்து, மினுங்கும் பக்கம் மேலே பார்க்கும்படி வைத்தார்கள். ஆனாலும் பகல் பதினொரு மணிக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தாள் கூடாததா, போட்ட முறை பிழையா?

பதில்: போட்ட முறைதான் பிழை. நண்பகல் வெயிலில் கடும் நிறச் சீற்றின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த வெப்பம் கீழே வருவதற்குக் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று வழிகளே உள்ளன. சூடான காற்று மேலேயே தங்கிவிடுவதால், கூரையிலிருந்து கீழ்நோக்கி மேற்காவுகை நடப்பது அருமை. அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆகவே உங்கள் தலைக்கு மேல் வந்து இறங்குவதில் பெரும்பங்கு கதிர்வீசலாகும். அதைத் தடுப்பதற்குத்தான் அலுமினியத் தாள் பயன்படுகிறது: துப்புரவான தாள் தன்மீது விழும் வெப்பக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், தானே சூடேறினாலும், சாதாரண மேற்பரப்பு ஒன்று வீசுவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை மட்டுமே வெளியே வீசும். இந்த இரண்டு குணங்களும் தாளின் முகத்துக்கு எதிரே காற்று இருந்தால் மட்டுமே வேலை செய்யும். சீற்றோடு ஒட்டிக் கிடக்கும் தாளுக்கு வெப்பம் கதிராக வருவதில்லை; தொட்ட இடத்தால் நேரே கடந்து விடுகிறது, அலுமினியமோ வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகங்களில் ஒன்று. உங்கள் வீட்டில் கீழே பார்ப்பது வெள்ளைப் பிளாஸ்டிக். அது கண்ணுக்கு வெள்ளையாக இருந்தாலும் வெப்பக் கதிரை வீசுவதில் கறுப்பு நிறத்துக்கு அதிகம் பின்னிற்பதில்லை. நடுவில் உள்ள சில மில்லிமீற்றர் நுரை கொஞ்சம் தடுக்கிறது, அவ்வளவுதான்.

இதற்காகக் கூரையைக் கழற்ற வேண்டியதில்லை. இரு பக்கமும் மினுங்கும் தாளை வாங்கி, உள்ளே நின்றபடியே கைமரங்களின் அடிப்பக்கத்தில் இழுத்து அடிக்கச் சொல்லுங்கள். கைமரத்தின் உயரமான மூன்று நான்கு அங்குலம் தாளுக்கு மேலே இடைவெளியாக அமைந்துவிடும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத எந்த இடைவெளியும் போதுமானது. தாள் தொய்ந்து எங்கும் சீற்றைத் தொடாமலும், அதன் அடியில் சீலிங் பலகை ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் தாள்தான் கிடைத்தால், மினுங்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். வெப்பம் மேலிருந்து வரும்போது கண்ணாடி முகத்தைக் கீழே திருப்புவதா என்று ஓடாவிமார் கேட்பார்கள்; அவர்கள் கேட்பதும் நியாயமே. கச்சான் காற்றுக் காலத்தில் ஓட்டு இடுக்காலும் சீற் மடிப்பாலும் நுழையும் புழுதி மேல்முகத்தில்தான் படியும், புழுதி மூடிய தாள் மினுக்கத்தை இழந்து மற்ற எந்த மேற்பரப்பையும் போல ஆகிவிடும். கீழ்முகத்தில் புழுதி தங்காது, அது வீசும் கதிர் எப்போதும் குறைவாகவே இருக்கும். ஓர் அறைக்கு மட்டும் முதலில் அடித்து, நண்பகலில் ஏணியில் ஏறி, தாளுக்கு அடியில் ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். பிறகு அடுத்த அறையின் வெள்ளைப் பிளாஸ்டிக்கின் கீழ் அதே தூரத்தில் பிடித்துப் பாருங்கள். கை சொல்வதைக் கேட்டு மற்ற அறைகளுக்குச் செலவழிக்கலாம்.

தாளுக்கும் சீற்றுக்கும் நடுவே உள்ள காற்று வெளியேற வழியிருந்தால் இன்னும் நல்லது. தாழ்வாரப் பக்கம் காற்று நுழையவும் முகட்டுப் பக்கம் அல்லது முக்கோணச் சுவரின் உச்சியில் வெளியேறவும் துளை விட்டு, அணிலும் வௌவாலும் புகாதபடி கம்பி வலை அடிக்க வேண்டும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளி இந்தக் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் கூரைகளை என்ன செய்தது என்பதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூரைக்குள் நுழையும் பலத்த காற்று சீற்றை அடியிலிருந்து தூக்கும் என்பதால், துளை வைப்பதற்கு முன் சீற்றின் திருகாணிகளையும் கைமரம் சுவரோடு கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சீற் மாற்றும்போது வெள்ளை அல்லது மிக இளம் நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். கடும் பச்சையும் கடும் சிவப்பும் பார்க்க அழகு. வெயிலை உறிஞ்சுவதிலும் அவை கெட்டித்தனமானவை.

கல்முனை வாசகர் ஒருவர்: புதிய வீட்டின் மேற்குச் சுவரை நடுவில் காற்றிடைவெளி விட்டு இரட்டைச் சுவராகக் கட்டும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். மேசன் அது வீண் செலவு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: காற்றிடைவெளி வெப்பத்தைத் தடுக்கும் என்பதில் உறவினர் சரி, உங்கள் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்பதில் மேசன் சரி. இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று தடுக்கும் வெப்பம், ஆறு அங்குலச் சீமெந்துக் கல் சுவர் ஒன்று தானாகத் தடுப்பதற்கு ஏறத்தாழச் சமம். அதாவது இன்னொரு சுவரின் செலவைச் செய்து, கிடைக்கும் தடுப்பை மூன்று மடங்கு அளவுக்கு உயர்த்துகிறீர்கள். இடைவெளியின் அகலத்தைக் கூட்டினால் பயன் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம்: ஓர் அங்குலத்தைத் தாண்டினால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சுழலத் தொடங்கி, கூடிய அகலத்தால் வரவேண்டிய நன்மையைத் தானே தின்றுவிடும். இரண்டு அங்குலம் விடச் சொல்வது, கட்டும்போது விழும் சாந்து இரு சுவர்களையும் இணைத்துப் பாலமாகிவிடாமல் துப்புரவாக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான். அதே இடத்தில் ஓர் அங்குல ரெஜிபோம் எனும் வெண்ணுரைத் தகடு வைத்தால், வெறும் இடைவெளி தருவதைவிட மூன்று மடங்குக்கு மேல் தடுக்கும். ரெஜிபோமிலும் வேலை செய்வது காற்றுத்தான். சின்னஞ்சிறு குமிழ்களுக்குள் அடைபட்டுச் சுழல முடியாமல் கிடக்கும் காற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, இவை இரண்டையும் விட மேற்குச் சுவரில் வெயிலே படாமல் செய்வதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். கல்முனைக்கு ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயிலைக் கூரைதான் வாங்குகிறது. சுவர்களைச் சுடுவது காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் சாய்ந்து வரும் வெயில், அதைக் கூரையின் சிறிய நீட்டிப்பு மறைக்காது. மேற்கே ஒரு விறாந்தை இறக்குங்கள். அதற்கு இடமில்லையென்றால் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடுகுத் தட்டி கட்டுங்கள், அல்லது கொடி படரும் பந்தலாவது நிற்கட்டும். தட்டிக்கும் சுவருக்கும் நடுவே கீழும் மேலும் திறந்திருக்கும் இந்த இடைவெளியில் காற்று அடைபடாமல் ஓடுவதுதான் நன்மை, தட்டி வாங்கிய வெப்பத்தை அது மேலே கொண்டு போய்விடும். சன்னல்களைத் திறந்து வைத்து வாழும் வீட்டில் சுவருக்கு இதற்கு மேல் செலவழிப்பது கைக்கு நட்டம்.

இன்னொரு விடயம்: இடைவெளிச் சுவர் குளிர்நாடுகளில் பரவியது வெக்கையைத் தடுக்க அல்ல, சாரல் மழை உட்சுவருக்குக் கடக்காமல் இருப்பதற்காக. வாடைக் காற்றோடு வரும் மாரி மழையில் வடகிழக்குச் சுவர் ஊறிப் பூச்சு உரியும் கடற்கரை வீடாக இருந்தால், மேற்கில் செய்ய நினைத்ததை அந்தப் பக்கம் செய்வது பயன்படலாம்.

திருக்கோவில் வாசகர் ஒருவர்: அஸ்பெஸ்டஸ் கூரைக்கு மேல் கிடுகு வேய்ந்தால் குளிர்மையாக இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் மழையில் ஊறிய கிடுகின் பாரமும், எலியும், பட்டாசுப் பொறியும் சேர்ந்தே வரும். வெள்ளைக் கூரைப் பூச்சு அடிப்பது நல்லது. பழைய அஸ்பெஸ்டஸைக் காய்ந்தபடி சுரண்டவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்தே கழுவ வேண்டும். சீற்றின் மேல் நேரே கால் வைக்காமல், மரங்களின் மேல் குறுக்கே பலகை போட்டு ஏறுங்கள்.

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர்: எங்கள் வீட்டுக்குக் கொங்கிறீற் பிளாட் (தட்டைக் கூரை). பகலை விட இரவில்தான் வேகிறது. அடியில் ரெஜிபோம் சீலிங் அடிக்கலாமா?

பதில்: கொங்கிறீற் தளம் பகல் முழுவதும் வெப்பத்தைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் கீழே விடுகிறது. அடியில் சீலிங் அடித்தால் அறைக்கு வருவது குறையும். தளமோ தொடர்ந்து வெந்து விரிந்து சுருங்கும், நாளடைவில் வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கும். மேலே செய்வதுதான் முறை. நீர்க்காப்புப் பூச்சுக்கு மேல் அழுத்தம் தாங்கும் கெட்டி நுரைத் தகடு பரப்பி, அதன்மேல் மெல்லிய கொங்கிறீற் அல்லது வெளிர்நிற ஓடு பதிக்கலாம்; அல்லது மேலே இரண்டடி உயரத்தில் சுற்றிலும் திறந்த சீற் கூரை ஒன்று போட்டால் தளத்தில் வெயிலே விழாது. அடியில் ரெஜிபோம் அடித்தே ஆக வேண்டிய நிலையென்றால், அது கரும்புகையோடு எரியும் பொருள் என்பதை மறவாமல், மின்கம்பிகளைக் குழாய்க்குள் இட்டு, தகட்டை எரியாத பலகையால் மூடுங்கள்.

ஏறாவூர் வாசகர் ஒருவர்: ஓர் அறைக்கு ஏசி பூட்டி, காணொளியில் பார்த்தபடி சீலிங்குக்கு மேல் கண்ணாடிப் பஞ்சும், பஞ்சுக்கு அடியில் பொலித்தீனும் போட்டோம். ஆறு மாதத்தில் பஞ்சு நனைந்து தொய்ந்துவிட்டது. கூரை ஒழுகவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது?

பதில்: காற்றிலிருந்து வருகிறது. 30 பாகை வெப்பநிலையும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று 25 பாகையில் பனிபடுநிலையை அடையும், அதாவது அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும். நம் கரையோரத்தில் இது சாதாரண நாள். ஏசியை 18 பாகையில் வைத்தால் சீலிங்கும் அதன் மேலுள்ள பொலித்தீனும் அதற்கு மிகக் கீழே குளிர்ந்துவிடும். கூரைக்குள்ளிருந்து பஞ்சினூடாக இறங்கும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பொலித்தீனில் நீராகிப் பஞ்சிலேயே தங்குகிறது. நனைந்த பஞ்சில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்வதால் அது வெப்பத்தையும் தடுப்பதில்லை. நீங்கள் பார்த்த காணொளி குளிர்நாட்டுக்குரியதாக இருக்க வேண்டும். அங்கே வெதுவெதுப்பும் ஈரமும் வீட்டுக்குள்ளே, குளிர் வெளியே. ஆகவே நீராவித் தடையை உள்பக்கம் வைப்பார்கள். இங்கே வெக்கையும் ஈரமும் வெளியே இருப்பதால் தடை பஞ்சுக்கு மேலே, வெளிப்பக்கம் வர வேண்டும்.

நனைந்த பஞ்சையும் பொலித்தீனையும் அகற்றி, சீலிங் காய விடுங்கள். புதுப் பஞ்சின் மேல் அலுமினியத் தாளை விரித்து, பொருத்துகளை அலுமினிய ஒட்டு நாடாவால் மூடினால், அதுவே நீராவித் தடையாகவும், மேலே இடைவெளி இருந்து புழுதி மூடாதவரை கதிரைத் திருப்புவதாகவும் இரண்டு வேலை செய்யும். விளக்குக்காக வெட்டிய துளைகளையும் சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்பையும் அடைத்துவிடுங்கள். ஈரக்காற்றுக்கு விரல் நுழையும் இடுக்கே போதும். மற்ற அறைகளுக்கு நன்மையான ஓடும் காற்று இந்த அறைக்குப் பகை என்பதால், சன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளும் இங்கே மூடப்பட வேண்டும். ஏசியை 25 அல்லது 26 பாகையில் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழல விட்டால், குளிர்மையும் போதும், சீலிங்கும் பனிபடுநிலைக்குக் கீழே அதிகம் இறங்காது.