‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல்ல வர்ற குழந்தைங்க நிஜமாவே பாரபட்சம் இல்லாதவங்களா?

நீங்க கேட்டது இதான்: குழந்தைங்களுக்குக் கள்ளம் கபடம் தெரியாது, நிற வெறுப்பெல்லாம் பெரியவங்க பின்னாடி ஊட்டி விடுறது, இதைத்தானே ஹார்ப்பர் லீ இந்த நாவல்ல சொல்ல வர்றாங்க?

என் பதில், பாதி தான் சரி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, பள்ளிக்கூட கைடுலயும் அதான் இருக்கும், ஆனா நாவலைப் பொறுமையா வாசிச்சா வேற ஒண்ணு கண்ல படும். ஸ்கவுட்டும் குழந்தை தான், கபடமே இல்லாதவ தான், அதே நேரத்துல அந்த ஊரோட வெறுப்பு அவளுக்குள்ளயும் ஏற்கனவே இருக்கு. ரெண்டும் ஒரே பொண்ணுகிட்ட ஒண்ணா இருக்கு.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1930கள், அமெரிக்காவோட அலபாமா மாநிலம், மேகோம்ப்னு ஒரு கற்பனை ஊர். கறுப்பின இளைஞன் டாம் ராபின்சன் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணை பலாத்காரம் பண்ணிட்டான்னு பொய்க் கேஸ். அவனுக்காக வாதாடுற வக்கீல் ஆட்டிகஸ் பின்ச், அவரோட பசங்க ஜெம், ஸ்கவுட். லீவுக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்கு வர்ற பையன் டில். பெரியவளான ஸ்கவுட் தன்னோட சின்ன வயசைத் திரும்பிப் பார்த்துச் சொல்ற கதை இது. 1960ல வந்துச்சு, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கோர்ட் சீன்ல அரசு வக்கீல் கில்மர் டாமை குறுக்கு விசாரணை பண்றாரு. வளர்ந்த ஆளை, பொண்டாட்டி புள்ளைங்க இருக்கிற மனுஷனை, வார்த்தைக்கு வார்த்தை "பையா"ன்னு ஏளனமா கூப்பிடுறாரு. நீ எதுக்கு அந்தப் பொண்ணுக்குக் காசு வாங்காம வேலை செஞ்சு குடுத்தேன்னு கேட்டதுக்கு, பாவமா இருந்துச்சுன்னு டாம் சொல்லிடறான். அவ்ளோ தான், கோர்ட்டே மாறிடுது. ஒரு கறுப்பன் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பாவப்படுறதா! அந்த ஊர்ல அவனோட கருணையே அவனுக்கு எதிரான சாட்சி ஆயிடுது.

அந்த நேரத்துல தான் டில் அழ ஆரம்பிக்கிறான், நிறுத்தவே முடியல அவனால, ஸ்கவுட் அவனை வெளிய கூட்டிட்டுப் போறா. அந்த ஆளு டாம்கிட்ட அப்படிப் பேசினது வயித்தைப் பிசையுதுன்னு அவன் சொல்றான், அது அவர் வேலைடா, வக்கீல்னா அப்படித்தான் பேசுவாங்கன்னு இவ சமாதானம் சொல்றா, உங்கப்பா அந்தப் பொண்ணுகிட்ட அப்படிப் பேசலையேன்னு அவன் மடக்குறான். அப்ப ஸ்கவுட் என்ன சொல்றா தெரியுமா, என்ன இருந்தாலும் அவன் நீக்ரோ தானேடான்னு. கோபமும் இல்ல வெறுப்பும் இல்ல, மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்றா. 8 வயசுப் பொண்ணு, ஆட்டிகஸோட சொந்த மக!

என் பொண்ணோட சேர்ந்து இதை வாசிச்சப்ப அவ கேட்டா, "ஏம்மா டில் மட்டும் அழறான், ஸ்கவுட் ஏன் அழல?" இந்த நாவலைப் பத்தி நான் கேட்டதுலயே நல்ல கேள்வி இது தான்னு நினைக்கிறேன். மேகோம்ப் அவ பொறந்து வளர்ந்த ஊர். கறுப்பின மக்கள் கோர்ட்ல மாடில தனியா உக்காருறது, ஊருக்கு வெளிய குடியிருக்கிறது, வீட்டு வேலைக்கு வந்து போறது எல்லாம் கண்ணு தெறந்த நாள்லேர்ந்து பார்த்தது. யாரும் உக்கார வெச்சுப் பாடம் எடுக்கல, இவங்களை மட்டமா நடத்துன்னு சொல்லல. வெறுப்பைக் கத்துக் குடுக்கத் தனியா ஆள் தேவையே இல்ல, ஊர் நடப்பே போதும். அப்ப டில் மட்டும் எப்படின்னா, அவன் வெளியூர்க்காரன், அதோட பெத்தவங்க தன்னைக் கண்டுக்கலைங்கிற வலி ஏற்கனவே அவனுக்குள்ள இருக்கு. நாவல் இதை நேரடியா சொல்லல, என் கணிப்பு இது. தான் வேண்டாதவன்னு உணர்ந்த பையனுக்கு இன்னொருத்தன் அவமானப்படுறது சட்டுனு உறைக்கும்.

அடுத்த சீன்லயே டால்பஸ் ரேமண்ட்னு ஒருத்தர் வர்றாரு. வெள்ளைக்காரர், கறுப்பினப் பெண்ணோட குடும்பம் நடத்துறவர், எப்பவும் காகிதப் பைக்குள்ள பாட்டில் வெச்சுக் குடிச்சுக்கிட்டே தள்ளாடுறதால ஊரே குடிகாரன்னு நினைக்குது. பாட்டில்ல இருக்கிறது வெறும் கோகோ கோலா. குடிகாரன் அதான் இப்படி வாழறான்னு ஊருக்கு ஒரு காரணம் கெடைக்கட்டும்னு நடிக்கிறாரு. அவர் டிலைக் காட்டிச் சொல்றது தான் என்னை ரொம்ப உலுக்கினது: இன்னும் கொஞ்சம் வயசாகட்டும், அப்ப இவனுக்கு இது சரியில்லையேன்னு வேணா தோணும், ஆனா அழ மாட்டான். அது பலிக்க ஒரு நாள் கூட ஆகல. தீர்ப்பு வந்த மறுநாளே டில் சொல்றான், நான் பெரியவனானா சர்க்கஸ் கோமாளி ஆகப் போறேன், இந்த ஜனங்களைப் பார்த்து சிரிக்கிறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாதுன்னு.

ஆட்டிகஸ் வீட்டுல சமையல் வேலை பாக்குற கறுப்பின அம்மா கால்பர்னியா விஷயமும் அப்படித்தான். ஸ்கவுட்டை வளர்த்தவங்களே அவங்க தான், பந்தில உக்கார்ந்த ஏழைப் பையன் சாப்பாட்டு மேல பாகை ஊத்திக்கிட்டதைக் கிண்டல் பண்ணினதுக்கு சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போய் திட்டி, வீட்டுக்கு வந்தவங்க யாரா இருந்தாலும் விருந்தாளி தான்னு சொல்லிக் குடுத்தவங்க. ஆனா அவங்களுக்குன்னு ஒரு வீடு, ஒரு சர்ச், வேற பேச்சு வழக்கு எல்லாம் இருக்குன்னு ஸ்கவுட்டுக்கு அதுவரைக்கும் தோணினதே இல்ல. ஒரு தடவை அவங்களோட சேர்ந்து அவங்க சர்ச்சுக்குப் போறப்ப தான் தெரியுது, அங்க பாட்டுப் புஸ்தகம் கிடையாது, முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, கால்பர்னியாவோட மகன் ஒவ்வொரு வரியா சொல்லச் சொல்ல மத்தவங்க திருப்பிப் பாடுறாங்க. அப்புறம் தான் உங்க வீட்டுக்கு நான் வரலாமான்னு கேக்குறா. தெரியாமலே இருக்கிறதும் ஒரு சௌகரியம் தான். வெள்ளைக்காரக் குழந்தைக்கு அந்த சௌகரியம் கெடைச்சுது, கறுப்பினக் குழந்தைக்கு அந்த ஊர்ல அது கெடைச்சிருக்காது. டாமோட குழந்தைங்க பக்கம் நின்னு இந்த நாவல் ஒரு தடவை கூடப் பேசலங்கிறது எனக்கு உண்மையான வருத்தம், பல விமர்சகர்களும் கறுப்பின மக்களோட குரல் இதுல போதாதுன்னு சொல்லியிருக்காங்க, அது நியாயம்.

அப்ப ஸ்கவுட்டை நான் குறை சொல்றேனான்னா, இல்லவே இல்ல. அவகிட்ட எனக்குப் பிடிச்சது, முரண்பாட்டைப் பார்த்தா விட மாட்டா, கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா. அவ டீச்சர் மிஸ் கேட்ஸ் வகுப்புல ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துறான், நம்ம நாடு ஜனநாயகம், இங்க யாரையும் அப்படி நடத்த மாட்டோம்னு உருகி உருகிப் பேசறாங்க. அதே டீச்சர் கோர்ட் படிக்கட்டுல இறங்கிறப்ப, இவங்களுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டியது தான், ரொம்ப மேல ஏறிட்டாங்கன்னு கறுப்பின மக்களைப் பத்திச் சொன்னதை ஸ்கவுட் கேட்டிருக்கா. ஹிட்லரை அவ்ளோ வெறுக்கிறவங்க சொந்த ஊர்க்காரங்ககிட்ட எப்படி இப்படி இருக்க முடியும்னு ஜெம்கிட்ட போய்க் கேக்குறா. ஜெம் பதில் சொல்லல, கோர்ட் பேச்சையே என்கிட்ட எடுக்காதேன்னு கத்துறான், ஏன்னா அவன் அதுக்குள்ள கொஞ்சம் வளர்ந்துட்டான், அவனுக்கு வலிக்குது.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி உலகத்துல நாலு வகை ஜனங்க இருக்காங்கன்னு ஜெம் தீவிரமா கணக்குப் போடுவான், நம்மள மாதிரி, ஏழை விவசாயிங்களான கன்னிங்ஹாம்ங்க மாதிரி, டாம் மேல பொய்க் கேஸ் போட்ட யூவெல்ங்க மாதிரி, அப்புறம் கறுப்பர்கள்னு. ஸ்கவுட் அதெல்லாம் இல்ல, ஒரே வகை தான், ஜனங்கன்னா ஜனங்கதான்னு சொல்லுவா. அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, நானும் உன் வயசுல அப்படித்தான் நெனைச்சேன்னு சொல்றான், அப்புறம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிற அக்கம்பக்கத்துக்காரர் பூ ராட்லியைப் பத்திச் சொல்றான், பூ ராட்லி ஏன் இத்தனை வருஷமா வீட்டை விட்டு வெளிய வரலைன்னு இப்ப எனக்குப் புரியுது, அவருக்கு உள்ளேயே இருக்கணும்னு தோணுது போலன்னு.

முழுசா வாசிக்க இப்ப நேரமில்லைன்னா 12, 19, 20, 23, 26 அத்தியாயங்களை மட்டுமாவது வரிசையா வாசிச்சுப் பாருங்க, கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதுலயே இருக்கு. 1962ல வந்த படத்தை மட்டும் பார்த்துட்டு முடிவுக்கு வராதீங்க, அது நல்ல படம் தான், ஆனா அதுல ஆட்டிகஸ் தான் கண்ணுல நிறைஞ்சு நிக்கிறாரு, பசங்க மனசுக்குள்ள நடக்கிறது புஸ்தகத்துல தான் இருக்கு.