ஒன்றரை மீற்றர் என்றார்கள், கடல் படுத்துக் கிடக்கிறதே! வாசகர் கேள்வி பதில்

மே பிறந்ததும் கொழும்புப் பக்கத்துக் கடல் கலங்கிவிடும். சேர்ஃபிங் என்ற அலைச்சறுக்குக்குப் பலகை வைத்திருப்பவர்களின் கண் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பைக்குப் போகும். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அலை எதிர்வுகூறல் இணையத்தளங்களின் எண்களைப் பற்றியவை.

எதிர்வுகூறலில் 1.5 மீற்றர் என்று கண்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி அறுகம்பைக்குப் போனோம். மெயின் பொயின்ட்டில் முழங்கால் அளவு அலைகூட இல்லை. அடுத்த கிழமை 1.0 மீற்றர் என்றிருந்ததால் வீட்டில் நின்றுவிட்டோம். போனவர்கள் தலை உயரத்துக்கு அலை வந்ததாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
ச.ர., வெள்ளவத்தை

எண் பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது வேறு எண். தளத்தின் முகப்பில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கடலில் உள்ள எல்லா அலைகளையும் ஒன்றாகச் சேர்த்த உயரம். அதுவும் மெயின் பொயின்ட் என்ற முனையில் உடையும் அலையின் உயரம் அல்ல, கரைக்கு வெளியே ஆழ்கடலில் உள்ளது. அதைத் தொட்டால் கீழே இரண்டு மூன்று வரிகள் விரியும்: முதலாம் ஸ்வெல், இரண்டாம் ஸ்வெல், காற்றலை. ஸ்வெல் என்பது தொலைவில் புயலில் பிறந்து வரும் நீண்ட அலை, காற்றலை என்பது பக்கத்தில் வீசும் காற்று கிளப்புவது. ஒவ்வொன்றுக்கும் உயரம், செக்கன் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம்), பாகை (அலை வரும் திசை) என்று மூன்று எண்கள் இருக்கும். உங்கள் பஸ் காசு அந்த வரிகளில்தான் தங்கியிருக்கிறது.

உங்கள் இரண்டு கிழமைகளையும் உதாரணமாக எடுப்போம். முதல் கிழமை இப்படி இருந்திருக்கலாம்: காற்றலை 1.3 மீற்றர், 7 செக்கன், 225 பாகை, ஸ்வெல் 0.7 மீற்றர், 11 செக்கன், 205 பாகை. இரண்டையும் கூட்டினால் 2 மீற்றர் அல்லவா வரும் என்று கேட்பீர்கள். அலை உயரங்கள் அப்படிக் கூடுவதில்லை, வர்க்கங்களாகவே கூடும். 1.69உம் 0.49உம் சேர்ந்து 2.18, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.5. அதுதான் முகப்பில் இருந்த எண். மறு கிழமை: ஸ்வெல் 0.9 மீற்றர், 16 செக்கன், 170 பாகை. காற்றலை வெறும் 0.4. சேர்த்தால் 1.0.

இனி இவற்றைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். 225 பாகை என்றால் தென்மேற்கு. அது சோளகக் காற்று தென்கரைக்கு வெளியே கிளப்பும் குறுகிய அலை. எதிர்வுகூறலைத் தயாரிக்கும் கணினி மாதிரி, கடலைப் பல கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதால், நாட்டின் தென்கிழக்கு மூலையில் அந்த அலையும் அறுகம்பைக் கணக்கில் ஏறிவிடும். உண்மையில் அறுகம்பைக்குத் தெற்கே உள்ள யால, குமணைக் கரை அதை மறைத்துவிடுகிறது. மெயின் பொயின்ட்டிலிருந்து குமணைப் பக்கம் நோக்கினால் அது கிட்டத்தட்ட 200 பாகை. அதற்கு மேற்கிலிருந்து வருவது எதுவானாலும் வளைந்துதான் முனைக்குள் நுழைய வேண்டும். 7 செக்கன் அலைக்கு அந்த வளைவு வராது.

ஏன் வராது? ஆழ்கடலில் ஓர் அலையின் நீளத்தை மீற்றரில் அறிய, செக்கனைச் செக்கனால் பெருக்கி 1.56ஆல் பெருக்குங்கள். 7 செக்கனுக்கு 76 மீற்றர், 16 செக்கனுக்கு 400 மீற்றர். தன் நீளத்தில் பாதி ஆழத்தில்தான் ஓர் அலை அடித்தளத்தை உணரத் தொடங்கும். குறுகிய அலை 38 மீற்றர் ஆழத்துக்கு வரும்வரை கடலின் தரை இருப்பதையே அறியாது, நேரே போய்விடும். நீண்ட அலையோ 200 மீற்றர் ஆழத்திலேயே தரையைத் தொட்டு, ஆழம் குறைந்த பக்கம் மெதுவாகி, மாட்டுவண்டி ஒரு சக்கரம் சேற்றில் இறங்கித் திரும்புவதுபோல முனையைச் சுற்றித் திரும்பும். ஆழம் குறையும் இடத்தில் அது நிமிரும் அளவும் கூடுதல்.

கையடக்கமான கணக்கொன்று: உயரம் × உயரம் × செக்கன். முதல் கிழமையின் காற்றலைக்கு 12, மறு கிழமையின் ஸ்வெல்லுக்கு 13. பார்வைக்குச் சின்ன அலைதான் கூடிய சக்தியைக் கொண்டுவந்தது, அதுவும் வர வேண்டிய திசையில்.

ஆகவே அறுகம்பைக்கு முதலில் பார்க்க வேண்டியது செக்கன், பிறகு பாகை, உயரம் அதன் பின். 12 செக்கனுக்கு மேல், 150 முதல் 190 பாகைக்குள் என்றால் 0.8 மீற்றருக்கும் பயணம் போகலாம். 8 செக்கன் என்றால் 2 மீற்றர் இருந்தாலும் சோற்றைச் சாப்பிட்டுப் படுங்கள்.

சில தளங்கள் உச்சச் செக்கனை, அதாவது சக்தி கூடிய அலைகளின் செக்கனைக் காட்டும், சில எல்லா அலைகளின் சராசரியை. ஒரே கடலுக்குச் சராசரி சில செக்கன்கள் குறைவாகவே வரும். இரண்டு தளங்களை ஒப்பிடுமுன் எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

170 பாகை என்றால் அலை அந்தப் பக்கம் போகிறதா, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதா?
ந., கொட்டாஞ்சேனை

வருகிறது. காற்றுக்கும் அப்படியே. 180 பாகை ஸ்வெல் நேர் தெற்கிலிருந்து வருவது, 270 பாகைக் காற்று நேர் மேற்கிலிருந்து வருவது. குழப்பம் எங்கே வருகிறதென்றால், படத்தில் உள்ள அம்புக்குறி போகும் பக்கத்தைக் காட்டும், பக்கத்தில் உள்ள எண் வரும் பக்கத்தைச் சொல்லும்.

அலுவலகத்தில் லீவு கேட்க ஒரு கிழமைக்கு முன்பே தெரிய வேண்டும். அவ்வளவு முன்னதாக ஸ்வெல்லை நம்பிச் சொல்ல முடியுமா?
வாசகி, வத்தளை

மழையைவிட இதை முன்னதாகச் சொல்லலாம். அலை பிறந்த பிறகுதான் பயணம் தொடங்குகிறது, பயணமோ நீண்டது. அறுகம்பைக்கு வரும் நல்ல ஸ்வெல்கள் இந்து சமுத்திரத்தின் தென் அந்தத்தில், 40 முதல் 60 பாகைத் தென் அகலக்கோடுகளில் வீசும் புயல்களில் பிறப்பவை. 50 பாகையிலிருந்து அறுகம்பையை அடுத்த பொத்துவில் வரை ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர்.

ஸ்வெல் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் தூரத்தைக் கிலோமீற்றரில் அறியச் செக்கனை 67ஆல் பெருக்குங்கள். 18 செக்கன் ஸ்வெல் நாளுக்கு 1,200 கிலோமீற்றர், 15 செக்கன் 1,000, 12 செக்கன் 800. எனவே திங்கட்கிழமை தெற்கே பெரும் புயல் அடித்தால், 18 செக்கன் அலைகள் சனிக்கிழமை தலை காட்டும். ஞாயிற்றுக்கிழமை 15 செக்கன் ஆகும். 12 செக்கன் வர அடுத்த திங்கள், செவ்வாய் ஆகிவிடும். எல்லாம் ஒரே புயலின் பிள்ளைகள், மூத்தது முதலில் வருகிறது.

அட்டவணையில் செக்கன் 10இலிருந்து திடீரென 18க்குத் தாவி, உயரம் 0.3 மட்டும் காட்டினால் அலட்சியம் செய்யாதீர்கள். அது முன்னோடி. அடுத்த 24 மணித்தியாலத்தில் உயரம் ஏறும். லீவைப் பெரும்பாலும் முன்னோடி வந்த மறுநாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் போடுவது புத்தி.

புயல் இன்னும் பிறக்காமலே பத்தாம் நாளுக்குக் காட்டும் எண்ணை நம்பி அறைக்கு முற்பணம் கட்ட வேண்டாம். புயல் அடித்து முடிந்த பிறகு காட்டும் ஐந்தாம் நாள் எண் வேறு. அதன் மேல் தாராளமாகக் கட்டலாம்.

காலை ஆறு மணிக்கே எல்லாரும் தண்ணீருக்குள் இறங்குவது ஏன்? பின்நேரம் கூட்டம் குறையாதா?
மு., தெகிவளை

குறையும், காரணத்தோடுதான். சோளகக் காலத்தில் கிழக்கே விடியற்காலையில் வீசுவது தரையிலிருந்து கடலுக்குப் போகும் கச்சான். அது அலையின் முகத்தை எதிர்த்துத் தடவி, உடைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். முகம் கண்ணாடிபோல் இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். பத்துப் பதினொரு மணிக்கு மேல் 12 நொட்ஸ் (மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீற்றர்) கடற்காற்று எழுந்தால் அதே ஸ்வெல்லின் முகம் சுருங்கிக் கசங்கிவிடும். கச்சான் பலமான நாட்களில் கடற்காற்று தோற்று, பின்நேரம்வரை கடல் சுத்தமாக இருப்பதும் உண்டு. காற்று வரியில் மதியத்துக்கும் 240 முதல் 300 பாகை என்று இருந்தால் அவசரப்படத் தேவையில்லை.

சில தளங்கள் சர்வதேச நேரத்தைக் காட்டும். அதோடு ஐந்தரை மணி கூட்டுங்கள். அவர்களின் 00 நமக்கு விடிய 5.30.

வற்று, பெருக்கு பார்க்க வேண்டுமா?
பெயர் இல்லை, பம்பலப்பிட்டி

உலகின் பல முனைகளில் இதுதான் முதல் கேள்வி. நமது கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரை எட்டாது என்பதால் பின்னால் போகிறது. ஆனாலும் முற்றாக விடக் கூடாது. ஓர் அலை, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1 மீற்றர் அலை 1.3 மீற்றர் தண்ணீரில். அரை மீற்றர் வற்றினால் அந்த இடம் வெளியே நகரும், உள்ளே பாறை நெருங்கி வரும். சின்ன அலை நாளில் வற்று உதவும், பெரிய நாளில் காலைக் கிழிக்கும். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்ற இறக்கம் கூடுதல். போயா விடுமுறைக்குக் கொழும்புச் சனமும் அன்றுதான் அங்கே திரளும். இரண்டுக்கும் சந்திரன்தான் பொறுப்பு.

“காலி முதல் அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பில் 2.5 முதல் 3 மீற்றர் அலை” என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தால், சேர்ஃபிங்குக்கு நல்ல செய்தியா?
கே.ஜெ., மட்டக்குளி

அது மீனவருக்கும் கடற்பயணிகளுக்கும் எழுதப்படும் அறிவித்தல். அந்த உயரம் தரையை வந்து தொடும் அலைக்குரியது அல்ல என்ற குறிப்பும் அதில் வருவதுண்டு. பெரும்பாலும் அது சோளகக் காற்று கிளப்பும் அலையும் ஸ்வெல்லும் கலந்தது. முதல் பதிலில் சொன்னபடி மூன்று வரிகளையும் பிரித்துப் பார்த்தால்தான் அறுகம்பைக்கு என்ன மிஞ்சும் என்பது தெரியும்.

காற்றே இல்லாமல் அலை மட்டும் பெரிதாகும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 18, 20 செக்கன் ஸ்வெல் அமைதியான வெயில் நாளில் கரையேறி வீதியை நனைக்கும். கேரளத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். பெயரே போதும், விளக்கம் வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் நிலையம் இதற்கென எச்சரிக்கை வெளியிடுகிறது.

வெள்ளவத்தைக் கடலில் அலை இருக்கிறதே, ஏன் எட்டு மணித்தியாலம் பயணம் செய்ய வேண்டும்?
மாணவன், கொழும்பு 6

ரயில் பாதையைக் காக்கக் கொட்டிய கருங்கல் அணையை ஒருமுறை அருகில் போய்ப் பாருங்கள். அலை அதில் மோதித் திரும்பி, அடுத்த அலையோடு முட்டுகிறது. நீங்கள் விழுந்தால் மணலில் அல்ல, கல்லில்தான் போய்ச் சேர்வீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை காற்றும் கடலிலிருந்தே வீசும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பொறுத்திருந்தால், கோட்டையிலிருந்து ரயிலில் ஹிக்கடுவை, வெலிகம, மிதிகம என்று போகலாம். அப்போது அந்தப் பக்கம் வாடைக்காற்று தரையிலிருந்து வீசும். அங்கே பாகைக் கணக்கும் மாறும்: கரை தெற்கைப் பார்ப்பதால் 180 முதல் 220 வரை தடையின்றி நுழையும்.

மெஜிக்சீவீட் தளம் எங்கே போனது?
த., கல்கிசை

அந்த அலை எதிர்வுகூறல் தளம் 2023இல் மூடப்பட்டு, சர்ஃப்லைன் என்ற இன்னொரு தளத்தோடு சேர்க்கப்பட்டது. அலைகளுக்கு அது கொடுத்த நட்சத்திரப் புள்ளிகளைத் தேடாதீர்கள். ஸ்வெல் வரிகளைத் தனித்தனியாகக் காட்டும் எந்தத் தளமும் போதும்.

மூன்று முறை வெலிகமவில் பயிற்சி எடுத்திருக்கிறேன். மெயின் பொயின்ட்டில் இறங்கலாமா?
வாசகி, இராஜகிரிய

16 செக்கன் ஸ்வெல் வந்த நாளில் வேண்டாம். வெலிகம மணல் அடித்தளம், அலை பரவலாக உடையும். மெயின் பொயின்ட்டில் ஒரே இடத்தில் உடையத் தொடங்கி வலப்பக்கமாக ஓடும். எல்லாரும் அந்த ஒரே இடத்தில் காத்திருப்பார்கள். அலை உடையும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் முன்னால் குதிக்கக் கூடாது. தரை பாறை, இடையில் கடல் முள்ளெலிகளும் உண்டு. ரப்பர் காலுறை போடுங்கள், காற்கயிறு பலகையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். முதல் நாட்களுக்குக் குடாவின் உட்பக்கத்தில் உள்ள பேபி பொயின்ட் போதும்.

எங்கே இறங்கினாலும் முதலில் கரையில் இருபது நிமிடம் நில்லுங்கள். நீண்ட ஸ்வெல் கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள், பிறகு பத்து நிமிடம், சில வேளை கால் மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையைக் கண்டு “இன்று சின்னக் கடல்” என்று இறங்குகிறவர்தான் அடுத்த கூட்டத்தில் உள்ளே சிக்குகிறார். எதிர்வுகூறலில் உள்ள உயரம், வரும் அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரிதான். நாள் முழுக்க நின்றால் அதைப்போல் இரு மடங்கு அலை ஒன்றாவது வரும். பெரிய கூட்டத்தின் கடைசி அலை போன பிறகு, உடையும் இடத்துக்கு வெளியால் சுற்றித் துடுப்புப் போட்டுப் போங்கள்.