கப்பல் முனையத்தில் எல்லாருக்கும் ஒரே மண்டபமா?

தம்பி, கட்டடக்கலைப் பாடத்துக்காக, கிள்ளான் துறைமுகப் பகுதியில் இருக்கும் புலாவ் இண்டா உல்லாசக் கப்பல் முனையத்துக்கு 3,000 பேர் கொள்ளும் ஒரே மண்டபம் வரைந்தீர்கள், "பயனர் தேவை எங்கே?" என்று விரிவுரையாளர் திருப்பிவிட்டார். பந்திங் தோட்டத்தில் இருந்துகொண்டு கப்பல் பயணிகளை எங்கே பார்ப்பது என்கிறீர்கள்.

அளவில் கோளாறு இல்லை. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அங்கே முட்டிக்கொள்வார்கள், அதுதான் சிக்கல். பயணம் அங்கேயே முடிந்து தொடங்கும் நாளில், காலையில் இறங்கும் கூட்டம் குடிநுழைவு முடித்து, பெட்டி தேடி, சுங்கம் தாண்டுவதற்குள் அடுத்த கூட்டம் பெட்டியோடு வாசலில் நிற்கும். ஏறுகிறவருக்கு ஒரு மாடி, இறங்குகிறவருக்கு ஒரு மாடி என்று பிரித்துவிடுங்கள். ஏறுகிறவர் பெட்டியை வாசலிலேயே வாங்கிவிடுங்கள்.

பகலில் மட்டும் நின்று போகும் கப்பல் வேறு கதை. பினாங்கு சுவெட்டன்ஹம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். புலாவ் இண்டாவில் பஸ்தான் கதி. மழையில் நனையாமல் ஏறக் கூரை போட்டீர்களா?

அப்புறம், கிள்ளானில் கடல் ஏற்றவற்றம் பெரியது. கப்பலின் கதவு ஏறி இறங்கும், நடைபாலமும் கூடவே நகரணும். சக்கர நாற்காலிச் சரிவைத் தாழ்ந்த நீருக்கும் உயர்ந்த நீருக்கும் தனித்தனியே வரைந்து காட்டுங்கள்.

ஆட்களைப் பார்க்கக் கப்பல் எதற்கு? தைப்பூசத்துக்குப் பத்துமலை பஸ் ஏறும் பாட்டிகள் பையை எங்கே இறக்குகிறார்கள், கழிப்பறைக்குப் போனால் யாரிடம் விட்டுப் போகிறார்கள் என்று கவனித்து எழுதுங்கள்.