கடை மூடினால் கை நடுங்கும்: வேலைத்தலப் போதை பற்றிய கேள்விகள்

கேரளப் பக்கம் நிப்பா பேச்சு கிளம்பினால் போதும், களியக்காவிளையில் காய்ச்சல் பார்க்க ஆள் நிற்பார்கள். நம்மூர் முதலாளிகளுக்கு மதுக்கடை மூடிக் கிடந்த 2020 கொரோனா ஊரடங்கு ஞாபகம் வந்துவிடும். இம்முறை வந்த கேள்விகளில் பாதி அந்த ஞாபகத்தில் எழுதியவைதான்.

ஆரல்வாய்மொழி பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறேன். ஊரடங்கில் டாஸ்மாக் மூடிய மூன்றாம் நாள், சூளையில் தங்கியிருந்த ஒருவர் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். காய்ச்சலும் இருந்தது. கொரோனா என்று பயந்து தனி அறையில் விட்டோம். எப்படியோ பிழைத்துக்கொண்டார். செய்தது சரியா?

இல்லை. அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியும்; காய்ச்சலும் அடிக்கும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. தொற்றுக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும் என்பதால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறோம். தனிமைப்படுத்தினாலும் பக்கத்தில் முகக்கவசத்தோடு ஓர் ஆள் இருக்க வேண்டும். நடுக்கம் கூடினால், உளறினால், வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கு வைத்தியம் உண்டு. கடைசியாக எப்போது குடித்தார் என்பதைக் கூடப் போகிறவர் மறக்காமல் சொல்லட்டும். தெரிந்த மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

‘ஒரு கட்டிங் கொடுத்தால் அடங்கிவிடும்’ என்று மேஸ்திரி சொல்வார். 2020-இல் கேரள அரசே மருத்துவர் சீட்டுக்கு மது தரலாம் என்று உத்தரவு போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே அது வழியில்லை. உள்ளதைச் சொன்னால், யார் எவ்வளவு குடிக்கிறார் என்பது அதே மேஸ்திரிக்கு அத்துப்படி. கடை மூடப்போவதாகச் செய்தி வந்த அன்றே, வேலை போகாது என்று சொல்லி அவர்களை மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறவரை முதலில் அனுப்புங்கள்.

எங்கள் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வாசலில் வைத்த சானிடைசர் வேகமாகக் குறைகிறது. கை கழுவித் தீருகிறது என்று நினைக்கவா?

உங்களுக்கே சந்தேகம் இருப்பதால்தான் கேட்கிறீர்கள். 2020 ஜூலைக் கடைசியில் ஆந்திராவின் குரிச்சேடுவில் மதுக்கடை மூடியிருந்தபோது சானிடைசர் குடித்துப் பலர் இறந்தார்கள். மட்டமான சானிடைசரில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் இருந்தால் கண் போகும், உயிர் போகும். குடித்தவர் பல மணி நேரம் சாதாரணமாகத்தான் நடமாடுவார். ‘பனி மூட்டம் போலத் தெரிகிறது’ என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். கேனை ஸ்டோரில் பூட்டி, சின்ன பாட்டிலில் கொடுங்கள். அதைவிட நல்லது வாசலில் ஒரு குழாயும் சோப்பும். அண்டிப் பால் கறைக்கும் சோப்புதானே கேட்கும்?

எல்லோருக்கும் சிறுநீர் கிட் வைத்துக் கஞ்சா சோதனை செய்து, பாசிட்டிவ் ஆனவரை நிறுத்தலாமா?

அவசரப்படாதீர்கள். எப்போதாவது பிடிப்பவருக்கே இரண்டு மூன்று நாள் காட்டும். தினமும் பிடிப்பவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் காட்டலாம். ஆகவே பாசிட்டிவ் என்றால் இன்று போதையில் இருக்கிறார் என்று பொருளில்லை. எல்லாப் போதையையும் சேர்த்துப் பார்க்கும் கிட் என்றால் இன்னொரு வம்பு: சளி மருந்து சிலதும் கசகசாவும்கூட வேறு போதைப்பொருளுக்கான கட்டத்தில் பாசிட்டிவ் காட்டிவிடும். நோய்க்காலத்தில் சளி மருந்து குடிக்காதவர் யார்? ஒப்புதல் வாங்குங்கள், என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள், ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் யார் வேலையையும் பறிக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தும்மலுக்குப் போடும் சாதாரண மாத்திரையிலேயே தூக்கம் சொக்கும். ரப்பர் ஷீட் ரோலரில் கை வைக்கிறவருக்குக் கஞ்சாவும் அதுவும் ஒன்றுதான். அன்றைக்கு அவரை வேறு வேலைக்கு மாற்றுங்கள்.

கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) போடுகிறவர்களை என்ன செய்வது?

அந்தப் பொட்டலத்தை உள்ளே விடக்கூடாது, அவ்வளவுதான். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இல் தடை வந்தது. 2020 ஏப்ரல் 15-ஆம் தேதி மத்திய உள்துறை உத்தரவு வேலைத்தலங்களில் புகையிலை கூடாது, துப்பக்கூடாது என்றே சொன்னது. மணல் போட்ட டப்பாவை மூலையில் வைத்து ‘இதில் துப்பு’ என்பது தடை ஆகாது.

தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகு எனது. ஒரு பையன் வலி மாத்திரை என்று பொட்டலமாகக் கொண்டுவருகிறான். கரையில் நோய்க் கட்டுப்பாடு, ஆள் கிடைப்பதே கஷ்டம். கண்டுகொள்ளாமல் விடலாமா?

விட்டால் உங்கள் தலையிலும் விழும். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தெரிந்தே இடமோ வாகனமோ கொடுத்தவரையும் அதே தண்டனைக்குள் கொண்டுவருகிறது. அட்டையும் மருத்துவர் சீட்டும் இல்லாத மாத்திரை படகில் ஏறக்கூடாது. மருந்துப்பெட்டி ஸ்ராங்கு (படகை ஓட்டுகிறவர்) கையில் இருக்கட்டும்.

பையனை விரட்டிவிடவும் வேண்டாம். தினமும் போடுகிறவன் என்றால், நிறுத்தினதும் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படுத்துவிடுவான். கரையிலிருந்து நாலு நாள் தள்ளி அது நடந்தால் உங்களுக்குத்தான் பாடு. இந்தத் தடவை கடலுக்குக் கூட்டிப்போகாமல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். தன் உபயோகத்துக்காகப் பிடிபட்டவர் தானாகவே அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்குத் தர அதே சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. போதை மீட்பு உதவிக்கு 14446 இலவச எண். முதலில் அவன் அம்மாவை அவனிடம் பேசச் சொல்லுங்கள்.