புதுசைக் கொடுத்தாலும் பழசு என்கிறதா ஆப்ட்?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் பதினோரு கடைகளில் எங்கள் பில்லிங் மென்பொருள் உபுண்டு லினக்ஸில் ஓடுகிறது. அதன் 2.4 பதிப்பு முடிவதற்குள் கடைக்காரர்கள் அவசரப்படுத்தியதால், அன்றன்றைய நிரலை டெப் பேக்கேஜாக்கி (உபுண்டுவில் நிறுவும் கோப்பு) 2.4.28012025 என்று தேதியோடு கொடுத்தோம். பிப்ரவரி 5-இல் கட்டிய 2.4.05022025-ஐ எந்தக் கணினியும் எடுக்கவில்லை. இப்போது 2.4 தயார். அதையும் எடுக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
– திருப்பரங்குன்றம் வாசகர்

பதில்: உபுண்டுவில் மென்பொருளை ஏற்றிப் புதுப்பிக்கும் ஆப்ட்டுக்குத் தேதி தெரியாது, எண்தான் தெரியும். 28012025 அதற்கு இரண்டு கோடியே எண்பது லட்சத்துச் சொச்சம். 05022025-இல் முன்னால் உள்ள சைபரைக் கழித்தால் வெறும் ஐம்பது லட்சம். அப்புறம் எப்படி எடுக்கும்? நாள், மாதம், வருடம் என்று எழுதிப் பழகிய கை நமக்கு. பேக்கேஜில் மட்டும் வருடத்தை முன்னால் போடுங்கள்: 20250205.

இரண்டாவது சிக்கல் அந்தப் புள்ளி. 2.4-க்குப் பின்னால் புள்ளி வைத்து எதைச் சேர்த்தாலும் அது 2.4-ஐவிடப் பெரியதாகிவிடும். சித்திரைத் திருவிழாவில் திக்குவிஜயம் திருக்கல்யாணத்துக்கு முந்தின நாள், தேர் மறுநாள். உங்கள் ஸ்னாப்ஷாட், அதாவது அன்றன்று எடுத்த நிரல், 2.4-க்கு எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2.4-க்கு முந்தையது என்றால் 2.4~20250205. உபுண்டுவுக்குத் தாயான டெபியனின் முறையில் இந்த ~ குறி ஒன்றுமே இல்லாததைவிடவும் சிறியது. அதனால் இது 2.3-ஐத் தாண்டும், 2.4-க்கு அடங்கும். 2.4 வந்த பிறகு எடுத்த நிரலுக்கு 2.4+20250310. ஃபெடோரா என்ற லினக்ஸ் பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜிலும் ~ இதே வேலையைச் செய்யும், வெளியீட்டுக்குப் பின்னதற்கு அங்கே ^ போடுவார்கள்.

ஒரே நாளில் இரண்டு முறை கட்டினால் கடைசியில் .1, .2 சேருங்கள். கமிட் ஹாஷ் (நிரலில் சேமித்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ள அடையாளக் குறி) வேண்டுமென்றால் தேதிக்குப் பின்னால் வரட்டும். அதில் முன்னது பின்னது என்ற வரிசையே கிடையாது.

சரி, கடைகளில் ஏற்கெனவே ஏறியதை என்ன செய்வது? 1:2.4 என்று எபோக் (மற்ற எண்களுக்கு முன்பே ஒப்பிடப்படும் முன்னெண்) போடச் சொல்லிப் பலர் வருவார்கள். வேலை நடக்கும், ஆனால் அந்த 1: இனி எந்தக் காலத்திலும் உங்களை விடாது. அடுத்தவர் மென்பொருளாக இருந்தால் வேறு வழியில்லை என்று நானும் சொல்லியிருப்பேன். இது உங்களுடையது, எண்ணும் உங்கள் கையில். 2.4 என்ற பெயரையே விட்டுவிட்டு 2.5 என்று வெளியிடுங்கள், பதினோரு கடையும் தானாக ஏற்றுக்கொள்ளும். 2.4.1 என்று போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 1 எங்கே, இரண்டு கோடி எங்கே?

அடுத்த முறை கடைக்கு அனுப்பும் முன் டெப் பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி (dpkg) கருவியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் கட்டளையில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கொடுத்து, முதலாவது சிறியதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் முடிவுக் குறியீடாக (exit code) 0 திருப்பும். திரையில் எதுவும் வராது, பயப்பட வேண்டாம்.