16எக்ஸ் டிரைவ், 16எக்ஸ் டிஸ்க். ஆனாலும் ஒரு டிவிடி ரைட் ஆக 40 நிமிடம் பிடிக்கிறது. ஏன்?

டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 1.385 மெகாபைட். 4.7 ஜிபி டிஸ்க் முழுவதும் நிரம்ப 1எக்ஸில் ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும். 16எக்ஸில் 6 நிமிடம் போதும். 16 என்பது வெளி விளிம்பை நெருங்கும்போது மட்டுமே எட்டும் வேகம். உள்பக்கம் 6எக்ஸ் அளவில்தான் தொடங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் முழு டிஸ்க்குக்கு 40 நிமிடம் என்றால் சராசரி ஒன்றரை எக்ஸ்கூட வரவில்லை. எங்கோ கோளாறு இருக்கிறது.

அந்த 40 நிமிடமும் உண்மையிலேயே ரைட் ஆகும் நேரம்தானா என்று முதலில் பாருங்கள். எம்பி4 படத்தை டிவிடி பிளேயரில் ஓடும்படி மாற்றித் தரும் மென்பொருள் என்றால், பெரும்பகுதி நேரம் எம்பெக்-2 (டிவிடி பிளேயர் படிக்கும் வீடியோ வடிவம்) ஆக மாற்றுவதிலேயே போகும். அதுவரை டிரைவ் சும்மா இருக்கும். 'வெரிஃபை' டிக் செய்திருந்தால் எழுதியதை முழுக்க ஒருமுறை திரும்பப் படிக்கும் நேரமும் சேரும். வெற்று டிஸ்க் போட்டதும் விண்டோஸ் கேட்கும் கேள்விக்கு 'யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல' என்பதைத் தேர்ந்திருந்தாலும் இழுக்கும். சிடி/டிவிடி பிளேயருக்கான மற்றத் தேர்வே இதற்குச் சரி.

இவை எதுவும் இல்லையென்றால் இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் ஒரு டிஸ்க் எழுதிப் பாருங்கள். திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: கணினி நினைவகத்தில் உள்ள பஃபர் (எழுதப்போகும் டேட்டா தற்காலிகமாகத் தங்கும் இடம்) ஒன்று, டிரைவுக்குள் இருக்கும் டிவைஸ் பஃபர் மற்றொன்று. எது காலியாகிறது என்பதைக் கவனித்தாலே தடை எங்கே என்று பிடித்துவிடலாம். இதைப் பார்க்காமல் புது டிரைவ் வாங்குவது வீண் செலவு.

கணினி பஃபர் இறங்கினால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டா வந்து சேரவில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை நேரடியாக எழுதுவது, வைஃபை வழியாக வேறு கணினியிலிருந்து எடுப்பது, ஒவ்வொரு ஃபைலையும் ஆன்டிவைரஸ் திறந்து பார்ப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள். எல்லாவற்றையும் முதலில் உள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக (டிஸ்க்கில் போக வேண்டிய அனைத்தும் அடங்கிய ஒற்றை ஃபைல்) உருவாக்கி, பிறகு அதை எழுதுங்கள்.

கணினி பஃபர் நிறைந்தே இருக்க, டிவைஸ் பஃபர் மட்டும் ஏறி ஏறி இறங்குகிறதா? இணைப்பில்தான் சிக்கல். இப்போதெல்லாம் டிஸ்க் பாழாவதில்லை. டேட்டா தீர்ந்ததும் டிரைவ் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் ஒவ்வொரு நிறுத்தமும் நேரத்தைத் தின்னும். பழைய ஐடிஇ டிரைவ் (அகலமான தட்டைக் கேபிளில் இணைவது) என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஐஓ மோட், அதாவது டேட்டாவை பிராசஸரே நகர்த்தும் மெதுவான முறை. விண்டோஸ் எக்ஸ்பியில் டேட்டா பிழைகள் மொத்தம் 6 சேர்ந்ததும் டிஎம்ஏ (பிராசஸரை நம்பாமல் டேட்டா நேரடியாக நினைவகத்துக்குப் போகும் வேகமான முறை) வேகம் படிப்படியாகக் குறையத் தொடங்கி, கடைசியில் பிஐஓவில் வந்து நிற்கும். தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் டிரைவ் இருக்கும் ஐடிஇ சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் தற்போதைய மோட் என்னவென்று பாருங்கள். பிஐஓ என்றிருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் மறுபடி கண்டுபிடித்து டிஎம்ஏ கொடுக்கும். சில நாளில் திரும்பவும் பிஐஓவுக்கு விழுந்தால் கேபிளை மாற்றுங்கள். பிழைகளுக்கு மூலம் பெரும்பாலும் அதுதான்.

வெளி டிரைவ் யூஎஸ்பி 1.1 வேகத்தில் மாட்டிக்கொண்டால் நொடிக்கு 1 மெகாபைட்தான் தேறும், முழு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் 40 நிமிடம் பாதி நிரம்பிய டிஸ்க்குக்கு என்றால் இதையும் சோதியுங்கள். ஹப் வேண்டாம், மதர்போர்டில் உள்ள பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்.

இரண்டு பட்டைகளும் நிறைந்திருந்தும் வேகம் ஏறவில்லையா? அப்படியானால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிரைவேதான். ஒவ்வொரு வெற்று டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு பதிந்திருக்கும். டிரைவுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அது பழக்கமில்லாவிட்டால் பாதுகாப்பான குறைந்த வேகத்தில்தான் எழுதும். ஃபர்ம்வேர் அப்டேட் கிடைத்தால் போடுங்கள், அதோடு வேறு பிராண்டு டிஸ்க் ஒன்றிலும் எழுதிப் பாருங்கள். அது வேகமாக எழுதினால் மிச்சமுள்ள பழைய டிஸ்க்குகளை முக்கியமில்லாத வேலைக்கு ஒதுக்குங்கள். எந்த பிராண்டிலும் வேகம் வரவில்லை என்றால் லென்ஸில் தூசியோ, தேய்ந்த லேசரோ; அப்போது டிரைவை மாற்றலாம்.

எல்லாம் சரியான பின்பும் 16எக்ஸைத் துரத்த வேண்டாம். 8எக்ஸ் வைத்தால் கூடுதலாக ஆவது இரண்டு மூன்று நிமிடம்தான். வெளி விளிம்பில் படிப்புப் பிழைகள் பெரும்பாலும் குறையும்.